தாழ்ந்த கார், தேய்ந்த டயர்

ஸ்ப்ரிங்கை மாற்றிக் காரை இறக்குவது ஒரு மதிய வேலை. சக்கரங்களின் கோணத்தை மீட்பது அப்படியல்ல.

பெங்களூர் ஜே.சி. ரோடை ஒட்டிய ஒரு சந்து. வீல் அலைன்மென்ட் பட்டறையின் லிஃப்டில் நிற்கிறது ஒரு சிவப்பு ஸ்விஃப்ட். வெளியிலிருந்து பார்த்தால் முன் டயர்களில் குறை தெரியவில்லை. பட்டன் நன்றாகவே இருக்கிறது. மெக்கானிக் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பிவிட்டு, டயரின் உள்விளிம்பில் டார்ச் அடிக்கிறார். அங்கே ரப்பரே இல்லை. இரண்டு விரல் அகலத்துக்குக் கம்பி பளபளக்கிறது.

"வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது, அண்ணா" என்கிறார் காரின் சொந்தக்காரர். 26 வயது மென்பொருள் ஊழியர். பெயரை வெளியிட வேண்டாம் என்கிறார். அதற்குக் காரணம் இருக்கிறது. வேறொரு பட்டறையில் ஸ்ப்ரிங்குகளை மாற்றி, காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்தியிருக்கிறார். அன்று அலைன்மென்ட் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. இதே டயரோடு போன வாரம் மைசூர் போய் வந்திருக்கிறார், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில்.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளிதான் இந்த இளைஞர்களின் கண்ணை உறுத்துகிறது. அது குறைந்தால் கார் பந்தயக் கார் போலத் தோன்றும். தோற்றத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் பாடி கீழே இறங்கும்போது சக்கரங்கள் பழையபடியே நிற்பதில்லை.

ஸ்விஃப்ட் உட்பட நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களின் முன்பக்கம் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற அமைப்பு. எர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் உருவாக்கியது. எளிமையானது, மலிவானது. ஸ்ட்ரட்டின் மேல்முனை பாடியில் இருக்கிறது. கீழே சக்கரத்தைப் பிடித்திருப்பது லோயர் ஆர்ம். பாடி இறங்கும்போது, சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருந்த அந்த ஆர்ம் கிடைமட்டமாகிறது. அதனால் அதன் வெளிமுனை சக்கரத்தின் அடிப்பகுதியை வெளியே தள்ளுகிறது. சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்கிறது. இந்தச் சாய்வுதான் கேம்பர். உள்சாய்வு என்றால் நெகடிவ் கேம்பர். அகராதியில் கேம்பருக்கு 'வளைவு' என்று போட்டிருக்கிறது. மொழிபெயர்ப்பாளனுக்கு அது போதும். மெக்கானிக்குக் கொஞ்சமும் உதவாது, ஏனென்றால் சக்கரத்தில் வளைவு எதுவும் இல்லை, சாய்வுதான் இருக்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால், டயரைத் தின்பதில் கேம்பர் இரண்டாவது குற்றவாளிதான். முதல் குற்றவாளி டோ. கால் கட்டைவிரல்களை உள்நோக்கி வைத்து நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சக்கரங்கள் அப்படி நின்றால் டோ-இன். விரல்கள் வெளியே விரிந்தால் டோ-அவுட். லோயர் ஆர்மும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் ஒரே நீளமும் ஒரே சரிவும் கொண்டவை அல்ல. கார் இறங்கும்போது இரண்டும் வெவ்வேறு வட்டத்தில் நகர்கின்றன. சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது. எந்தப் பக்கம் என்பது மாடலைப் பொறுத்தது.

ஒரு சிறு கணக்கு. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர்கள். இரு டயர்களின் முன் ஓரங்களுக்கு நடுவே உள்ள தூரத்துக்கும் பின் ஓரங்களுக்கு நடுவே உள்ள தூரத்துக்கும் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஒவ்வொரு டயரும் ஒரு கிலோமீட்டர் ஓடினால், சுமார் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 25 கிலோமீட்டர்! உள்சாய்வும் டோ-அவுட்டும் சேர்ந்துவிட்டால், இரண்டுமே ஒரே உள்விளிம்பைத்தான் தாக்கும். சிவப்பு ஸ்விஃப்ட்டுக்கு நேர்ந்தது இதுதான்.

"அலைன்மென்ட் செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா?" என்று கேட்கிறார் இளைஞர். "டோ ஆகும் தம்பி, கேம்பர் ஆகாது" என்கிறார் மெக்கானிக். நம் சிறிய கார்களில் பெரும்பாலும் கம்பெனி வைத்திருக்கும் ஒரே அட்ஜஸ்ட்மென்ட் முன்சக்கர டோதான். கேம்பரைத் திருத்த வேண்டுமானால், ஸ்ட்ரட் சக்கரத்தோடு சேரும் இடத்தில் உள்ள போல்டை எடுத்துவிட்டு, மையம் விலகிய கேம்பர் போல்ட் போட வேண்டும். அதில் ஒன்றரை டிகிரி அளவுக்குத் திருத்தம் கிடைக்கும். கேம்பரை முதலில் முடித்துவிட்டுத்தான் டோவுக்கு வர வேண்டும். கேம்பர் மாறினால் டோவும் கலையும். பின்பக்கம் இருப்பது ஒரே துண்டான டார்ஷன் பீம். அங்கே திருப்புவதற்குத் திருகே கிடையாது.

இன்னொரு நம்பிக்கையும் பாதி உண்மைதான்: தாழ்ந்த கார் திருப்பத்தில் சாயாது என்பது. காரின் எடை மையம் இறங்குகிறது, சரி. ஆனால் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, மெக்ஃபர்சன் அமைப்பில் அது இன்னும் வேகமாக இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுவதால், சாய வைக்கும் நெம்புகோல் நீள்கிறது. ஸ்ப்ரிங் கடினமாக இருந்தால்தான் அது ஈடாகும். அளவுக்கு மீறி இறக்கிய கார் முன்னைவிட மோசமாகத் திரும்புவதும் உண்டு.

இவர் ஸ்ப்ரிங்கையாவது காசு கொடுத்து வாங்கினார். பழைய ஸ்ப்ரிங்கையே கட்டரால் ஒன்றரைச் சுற்று வெட்டிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். கேஸ் விளக்கால் சூடாக்கி உட்கார வைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சூட்டில் எஃகின் பதம் போய்விடுகிறது. வெட்டிய ஸ்ப்ரிங், சக்கரம் குழியில் தொங்கும்போது இருக்கையை விட்டு நழுவலாம். எதற்கும் வாதாடலாம், இதற்கு வாதாட முடியாது.

சட்டமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. சான்றிதழில் ஸ்ப்ரிங் உயரம் எழுதப்படவில்லையே என்பது பட்டறைக்காரர்களின் வாதம். நடுரோட்டில் வண்டியை நிறுத்தும் அதிகாரியிடம் அது எடுபடுமா என்பது வேறு விஷயம். இளைஞர் பெயரை மறைப்பது இதனால்தான்.

அதைவிடக் கண்டிப்பானது வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி அது 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். ஸ்விஃப்ட்டின் அடிவயிறு தரையிலிருந்து 17 செ.மீ. சுமாரில் இருக்கும். நான்கைக் கழித்தால் பதின்மூன்று. நான்கு பேர் ஏறினால் இன்னும் குறையும். தெருக்காரர்கள் தாங்களே போட்டுக்கொள்ளும் மேடுகள் எந்த விதியையும் படித்தவை அல்ல. ஒரு மேட்டில் லோயர் ஆர்ம் இடித்தால், செய்த அலைன்மென்ட் அங்கேயே போச்சு.

சிவப்பு ஸ்விஃப்ட்டில் இரண்டு புது டயர்கள் ஏறுகின்றன. மெக்கானிக் காற்றைச் சரிபார்க்கிறார். பால் ஜாயின்ட்டை ஆட்டிப் பார்க்கிறார். நான்கு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வரை டேப்பால் அளக்கிறார். இடது முன்புறம் 6 மில்லிமீட்டர் குறைவு. இளைஞரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துத்தான் மெஷினை ஓட்டுகிறார். ஓடும்போது அந்த எடையும் இருக்குமே. கேம்பர் போல்ட், பிறகு டோ. முகப்பு விளக்குகளும் தாழ்ந்துவிட்டதால் அவற்றையும் தூக்கி வைக்கிறார்.

பிரிண்ட் எடுத்த தாளின் ஓரத்தில் பென்சிலால் நான்கு உயரங்களையும் எழுதித் தருகிறார். "500 கிலோமீட்டர் ஓட்டிட்டு வா தம்பி. ஸ்ப்ரிங் இன்னும் உட்காரும், மறுபடி பார்க்கணும்."

"பழைய ஸ்ப்ரிங்கைத் திரும்பப் போட எவ்வளவு ஆகும், அண்ணா?"

"வச்சிருக்கியா?"

டிக்கியைத் திறந்து காட்டுகிறார் இளைஞர். சாக்கில் சுற்றிய நான்கு ஸ்ப்ரிங்குகள், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில்.