வீட்டுக்குள் கடல் வைக்க ஆசையா? பவளத்தைத் தொட்டால் 7 ஆண்டு ஜெயில்!

திருமுடிவாக்கம்—

திருமுடிவாக்கத்துக்கும் கடலுக்கும் ஏறக்குறைய 20 கிலோ மீட்டர் தூரம். உப்புக் காற்று அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. சிட்கோ தொழிற்பேட்டை, லேத்துப் பட்டறைச் சத்தம், குன்றத்தூருக்கும் பல்லாவரத்துக்கும் பறக்கும் லாரிகள். இதுதான் ஊர்.

இந்த ஊரில் ஒருவர் தன் வீட்டு ஹாலில் ஒரு சின்னக் கடலை வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும்! கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பலாம். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்களை நீந்த விடலாம். பிள்ளைகள் டி.வி.யை மறந்துவிட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆனால், அதே தொட்டியில் ஒரு துண்டு பவளப்பாறையை வைத்தால் கதை வேறு. வனத்துறை கதவைத் தட்டும். வழக்கு, கோர்ட்டு, ஜெயில் வரைக்கும் போய்விடும்.

இது பலருக்குத் தெரியவில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் ஊதாவும் பச்சையுமாக மின்னும் பவளத் தொட்டிகளைப் பார்க்கிறார்கள். "நம்ம வீட்லயும் இப்படி ஒண்ணு வெச்சா என்ன?" என்று ஆசைப்படுகிறார்கள். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் அது பொழுதுபோக்கு. இங்கே அது குற்றம்.

புலியும் பவளமும் ஒன்று

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 2001-ம் ஆண்டில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்களையும் சேர்த்தார்கள். பாறையாக வளரும் பவளம் அத்தனையும் அதில் அடக்கம். கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், விசிறி போல விரியும் கடல் விசிறி ஆகியவையும் உண்டு.

முதல் அட்டவணை என்றால் என்ன? புலியும் யானையும் இருக்கிற பட்டியல்! பவளத்தை வீட்டில் வைத்திருப்பது, சட்டத்தின் கண்ணில் புலித்தோலை வைத்திருப்பது மாதிரிதான்.

தண்டனை குறைந்தது 3 ஆண்டு. அதிகபட்சம் 7 ஆண்டு. அபராதம் தனி.

"எனக்குத் தெரியாதுங்க, கடையில வித்தாங்க, வாங்கினேன்" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பொருள் கையில் இருந்தால், அது சட்டவிரோதமாக வந்தது என்றே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருப்பவர் பொறுப்பு. சாதாரணத் திருட்டு வழக்கில் போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். இதில் தலைகீழ்!

உயிருள்ள பவளம் மட்டும்தான் குற்றம் என்றும் நினைக்க வேண்டாம். செத்துப்போன வெள்ளைப் பவளமும் அப்படியே. கடைகளில் 'உயிர்க் கல்' என்று ஒன்று சொல்வார்கள். கடலுக்கு அடியிலிருந்து எடுத்த, நுண்ணுயிர் குடியிருக்கும் கல். அதுவும் பெரும்பாலும் பழைய பவளத்தின் எலும்புக்கூடுதான்.

கடல் குதிரையும் 2001-ல் இருந்தே பாதுகாக்கப்பட்ட உயிரினம். பார்க்க அழகாக இருக்கிறதே என்று அதையும் வாங்கிவிடக் கூடாது.

மூழ்கிய இரண்டு தீவுகள்

ஒரு கல்லுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்கலாம். முதலில் அது கல்லே அல்ல. பல்லாயிரம் குட்டிப் பிராணிகள் சேர்ந்து கட்டிய காலனி. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு கூடு கட்டுகிறது. உருண்டையாக வளரும் பவளம் ஓர் ஆண்டு முழுக்க வளர்ந்தாலும் ஒரு விரல் அகலம்தான் தேறும். தேங்காய் அளவுப் பவளம் என்றால் பல வருஷத்து உழைப்பு!

அதை வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக இருந்தன. 1986-ல் அந்தப் பகுதியைக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள்.

ஆனால் பல ஆண்டுகளாக அங்கிருந்து பவளத்தைப் படகு படகாக வெட்டி எடுத்து வந்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிற்று. கார்பைடு ஆலைக்கும் போயிற்று.

விளைவு? அலையைத் தடுத்து நிறுத்திய பாறை போனதும், கடல் தீவுகளை அரித்துவிட்டது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டன! தூத்துக்குடி பக்கம் உள்ள வான் தீவும் சுருங்கிப் போனது. அதைக் காப்பாற்ற 2015 முதல் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டி வந்தது.

ஹாலில் வைக்கும் ஒரு துண்டால் தீவு மூழ்காது, உண்மைதான். ஆனால் தொட்டிப் பவளம் சாகும். செத்தால் இன்னொன்று வாங்கத் தோன்றும். சட்டம் அந்த வாசலையே அடைத்து வைத்திருக்கிறது.

அப்படியானால் எதை வைக்கலாம்?

கோமாளி மீனை வைக்கலாம். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' என்ற ஆங்கிலப் படத்துக்குப் பிறகு இதற்கு 'நீமோ மீன்' என்றே பெயர் ஆகிவிட்டது.

இதில் நல்ல சேதி என்னவென்றால், இந்த மீனைக் கடலில் போய்ப் பிடிக்க வேண்டியதே இல்லை. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் கேரளாவின் விழிஞ்ஞத்திலும் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்தது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் செய்து காட்டினார்கள்.

கடலில் பிடித்த மீன், தொட்டிக்கு வந்ததும் பயத்தில் இரை எடுக்காமல் பட்டினி கிடந்தே சாவது உண்டு. பண்ணைக் குஞ்சு அப்படி இல்லை. பிறந்ததே தொட்டியில். கையைக் கண்டதும் மேலே ஓடி வரும். ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது பண்ணை மீனா, கடல்ல பிடிச்சதா?" என்பதுதான்.

இந்த மீன் வீட்டில் இன்னொரு வேடிக்கை. குஞ்சுகள் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கும்! கூட்டத்தில் பெரியது எதுவோ அது பெண்ணாக மாறும். அந்தப் பெண் செத்துவிட்டால், அதுவரை கணவனாக இருந்த மீன் பெண்ணாகிவிடும். முட்டைக்குக் காவல் இருந்து துடுப்பால் விசிறுவது பெரும்பாலும் ஆண் மீனின் வேலை.

பாறைக்குப் பதிலாகச் சுட்ட மண்ணில் செய்த செயற்கைக் கல் கிடைக்கிறது. அதில் நிறைய துளை இருக்கும். சில மாதம் போனால் பாசி படிந்து அசல் பாறை போலவே ஆகிவிடும். மீனுக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் தெரியாது.

மெரினா தண்ணீர் ஆகாது

சென்னைக்கு மீன் காட்சி புதிது அல்ல. 1909-லேயே மெரினா கடற்கரையில் கடல் மீன் காட்சிச்சாலை திறந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அதை மூடிவிட்டார்கள். கடல் பக்கத்திலேயே இருந்ததால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. திருமுடிவாக்கத்துக்காரர் என்ன செய்வார்?

கேனை எடுத்துக்கொண்டு மெரினாவுக்குப் போகலாம் என்று தோன்றும். வேண்டாம். ஒரு பக்கம் கூவம் கலக்கிறது, இன்னொரு பக்கம் அடையாறு கலக்கிறது. அந்தத் தண்ணீரில் மீன் தாங்காது.

சமையல் உப்பைக் கரைத்தாலும் உதவாது. கடல் தண்ணீரில் மக்னீசியம், கால்சியம் என்று பலதும் இருக்கின்றன. இதற்கென்றே கடல் உப்புக் கலவை விற்கிறார்கள். லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ உப்பு!

நல்ல தண்ணீராக 'ஆர்.ஓ.' தண்ணீர் வேண்டும். போர் தண்ணீரின் கடினமும், குழாய்த் தண்ணீரின் குளோரினும் ஆகாது.

எடையையும் யோசிக்க வேண்டும். 200 லிட்டர் தண்ணீரே 200 கிலோவைத் தாண்டும். கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் தனி. பழைய டி.வி. மேஜை மேல் தூக்கி வைத்தால் ராத்திரி ஹாலில் நிஜமாகவே கடல் வந்துவிடும்.

ஒரு மாதம் வெறும் தொட்டி

தண்ணீர் நிரப்பிய அன்றைக்கே மீனை விடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. மூன்றாம் நாள் மீன் மிதக்கும். கடைக்காரர் மேல் பழி விழும்.

காரணம் எளிது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது விஷம். கல்லிலும் மணலிலும் ஒரு வகை பாக்டீரியா வளர்ந்தால், அது அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட் ஆக்கும். அப்போதுதான் மீன் தாங்கும். இந்தக் கூட்டம் வளர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை மோட்டார் ஓட, வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். வீட்டில் இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த தப்பு வீட்டம்மா மூலம் வரும்.

"ஏங்க, தொட்டியில தண்ணி குறைஞ்சிருக்கே, கொஞ்சம் உப்புத் தண்ணி ஊத்தட்டுமா?"

ஊற்றக் கூடாது! ரசம் சுண்டினால் கரிக்கும் அல்லவா? அதே கணக்கு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான்; உப்பு உள்ளேயே நிற்கிறது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு பார்க்கும் கருவி ஒன்று கையில் இருப்பது நல்லது.

கொசுவத்தி எமன்

தொட்டி இருக்கும் அறையில் கொசுவத்தி கொளுத்தக் கூடாது. மின்சாரத்தில் சொருகும் கொசு மருந்தும் கூடாது. கொசுவைக் கொல்லும் அந்த மருந்து மீனுக்கும் விஷம், இறாலுக்கு அதைவிட மோசம். எறும்பு மருந்து, கரப்பான் ஸ்பிரே எல்லாம் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஏரி சூழ்ந்த புறநகரில், மழைக்காலத்துக் கொசுவோடு இது பெரிய சோதனைதான். கொசு வலை கட்டிக்கொண்டு தூங்க வேண்டியது வரும்.

பட்டறை ஊருக்கு இன்னொரு எச்சரிக்கை. செம்பு, பித்தளைப் பொருள் எதுவும் தொட்டித் தண்ணீரில் படக் கூடாது. பட்டறையில் கிடக்கும் பித்தளை வால்வை மாட்டி மோட்டாருக்குக் குழாய் போட்டால், துளித் துளியாகக் கரையும் செம்பே இறாலையும் நத்தையையும் தீர்த்துவிடும்.

வெயிலும் கரண்டும்

எல்லாவற்றுக்கும் மேலே வெயில். தொட்டித் தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சென்னையில் 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி அடித்தது! கத்திரி வெயிலில் ஹால் அடுப்பு மாதிரி ஆகிவிடும். தண்ணீரைக் குளிர வைக்கும் 'சில்லர்' என்ற எந்திரம் இல்லாமல் சித்திரையைத் தாண்டுவது கஷ்டம். மீன் வாங்குகிற காசு கொசுறு. எந்திரத்துக்கும் கரண்டு பில்லுக்கும்தான் காசு.

மீனாவது கொஞ்சம் தாங்கும். பவளம் தாங்காது. அதன் உடம்புக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசி, சூடு ஏறினால் வெளியே போய்விடும். பவளம் வெளுத்துப் பட்டினியில் சாகும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவிலேயே இப்படி நடந்தது. கடலே தாங்காத சூட்டை 200 லிட்டர் தொட்டி எங்கே தாங்கும்? சட்டம் இல்லாவிட்டாலும் இந்த ஊர் வெயிலில் பவளம் வளர்ப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலைதான்.

கரண்டு போனால் நிலைமை இன்னும் மோசம். மோட்டார் நின்றால் காற்று இல்லை. கூட்டமான தொட்டியில் சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடும். 2016 டிசம்பர் 12-ந் தேதி 'வர்தா' புயல் அடித்தபோது புறநகரில் பல இடங்களில் நாள் கணக்கில் கரண்டு இல்லை. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' வந்தபோதும் இருட்டுதான். மனிதர்களுக்கே குடிநீர் இல்லாத நேரத்தில் மீனுக்கு யார் இன்வெர்ட்டர் கொடுப்பார்கள்?

பாட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் கிடைக்கிறது. விலை அதிகம் இல்லை. மீன் வாங்குவதற்கு முன்னாலேயே இரண்டு வாங்கி வைத்துவிட வேண்டும். அதுவும் இல்லாதபோது, ஒரு சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கலாம். வெண்கலச் சொம்பு வேண்டாம், பிளாஸ்டிக் சொம்பு!

வாரம் 20 லிட்டர்

வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். 200 லிட்டர் தொட்டிக்கு 20 லிட்டர். புது உப்புத் தண்ணீரை முதல் நாளே கலக்கி, மோட்டார் போட்டு ஓட விட்டு, சூடும் உப்பும் சரி பார்த்துவிட்டு ஊற்றுவது முறை. பாக்கெட்டை நேராகத் தொட்டியில் கொட்டினால் மீன் வெந்துபோகும்.

எடுத்த பழைய தண்ணீரைச் சாக்கடையில்தான் விட வேண்டும். வீட்டுக் கிணற்றடியிலும் தோட்டத்திலும் கொட்டினால் மண் உப்பேறிவிடும். "தண்ணி வீணாப் போகுதே" என்று முருங்கைக்கு ஊற்றினால், ஆறு மாதத்தில் முருங்கையும் இருக்காது.