முகத்தில் வாழும் சிற்றுண்ணிகள்

மனிதரின் முகத்தோலில் கண்ணுக்குப் புலப்படாத உயிரினம் ஒன்று குடியிருக்கிறது. டெமோடெக்ஸ் எனப்படும் இச்சிற்றுண்ணி எட்டுக் கால்களை உடையது. சிலந்தி, தேள் ஆகியவற்றின் வகுப்பைச் சேர்ந்தது. முகப்பருவை ஆராய்ந்த பெர்லின் மருத்துவர் குஸ்தாவ் சைமன் 1842ஆம் ஆண்டில் இதனை விவரித்தார்.

மனிதரிடம் காணப்படுபவை இரு வகை. ஒன்று, 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் நீளம் உடையது, மயிர்க்கால்களில் வாழ்வது. அதனினும் குட்டையான மற்றது எண்ணெய்ச் சுரப்பிகளுள் தங்குகிறது. இரவில் தோலின்மேல் வந்து இணையும் இவற்றின் வாழ்நாள் ஏறக்குறைய இரண்டு வாரங்களே. பிறந்த குழந்தையிடம் இவை இல்லை. தாயின் அணைப்பிலும் வீட்டாரின் நெருக்கத்திலும் வந்து சேருகின்றன. வயதுவந்தோரில் மிகப் பெரும்பாலோரிடம் இவை உள்ளன. எனவே, இவை இருப்பது அசுத்தத்தின் அடையாளமும் அன்று, நோயும் அன்று.

அளவுமீறிப் பெருகும்போதே தொல்லை எழுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஐந்துக்கு மேற்பட்டிருப்பதை மருத்துவர்கள் மிகையெனக் கொள்வர். கன்னமும் மூக்கும் சிவக்கும்; தோல் சொரசொரப்பாகும்; எரிச்சலும் சிறு கொப்புளங்களும் தோன்றும்.

உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியோரிடம் இப்பெருக்கம் ஏற்படுவதுண்டு. ஆனால் இந்தியாவில் மிகவும் கருதத்தக்க காரணம் வேறு. முகம் சிவப்பாக வேண்டும் என்னும் ஆசையால், ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மருத்துவரைக் கேளாமலே கடைகளில் வாங்கி மாதக்கணக்கில் பூசிவருவோர் பலர். தொடக்கத்தில் முகம் பொலிவுறுவதுபோல் தோன்றும். தோலின் எதிர்ப்பாற்றலை ஸ்டீராய்டு அடக்கிவிடுவதால் உண்ணிகள் தடையின்றிப் பெருகும். களிம்பை நிறுத்தினாலோ முகம் முன்னிலும் சிவந்து எரியும். அதற்கு அஞ்சி மீண்டும் அதனையே நாடுவர். 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை, மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாத ‘எச்’ அட்டவணைக்குள் கொணர்ந்தது. விதி வந்தது நன்றே. அதனைக் கடைமுனையில் நிறைவேற்றுவதே கடினம்.

சிகிச்சையின் முதற்படி, மருத்துவரின் மேற்பார்வையில் அக்களிம்பைக் கைவிடுவதாகும். பின்னர் ஐவர்மெக்டின், பெர்மெத்ரின், மெட்ரோனிடசோல் போன்ற பூச்சுகளில் ஏற்றதை அவர் தேர்வார். முகத்தை மென்மையான சோப்பினால் நாளுக்கு இருமுறை கழுவினால் போதும்; முரட்டுத்தனமாகத் தேய்ப்பது தோலைப் புண்படுத்துமேயன்றி உண்ணியை ஒழிக்காது. எண்ணெய்ப் பசை மிகுந்த பூச்சுகளைத் தவிர்த்தல் நலம். இமைமயிரின் அடியில் குழல்போன்ற செதில் படிந்து கண் அரித்தால், முகப்பூச்சு எதனையும் அங்கே தடவாமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.