எவர்சில்வர் தகட்டில் துளை

கனமான எவர்சில்வர் தகட்டில் டிரில் பிட் சீக்கிரம் மழுங்குவதற்கு, துளையிடும் முறையே பெரும்பாலும் காரணம். மழையும் மூடுபனியும் ஓயாத கொடைக்கானலில் படிக்கட்டு, மாடிக் கைப்பிடிகளுக்கு 304 ரக எவர்சில்வர் ஏற்றது. அவற்றைத் தாங்கும் அடித்தகடு 8 அல்லது 10 மி.மீ. கனம் இருந்தால், பட்டறையிலேயே துளைத்துவிடுவது நல்லது. சரிவான பாறைக்குத் தக்கபடி துளையின் இடம் மாறும்போதுதான் கை டிரில் தேவைப்படும்.

304 ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. பிட் வெட்டாமல் உரசினால், உரசிய இடத்தில் அணுக்களின் அடுக்கு குலைந்து, ஒரு பகுதி மார்ட்டன்சைட் என்னும் கடினமான அமைப்பாக மாறிவிடும். சாதாரண இரும்போடு ஒப்பிட்டால் இந்த உலோகம் வெப்பத்தைக் கடத்துவது மூன்றில் ஒரு பங்குதான். எனவே சூடு தகட்டில் பரவாமல் பிட்டின் முனையிலேயே தங்குகிறது. முனை மழுங்க, உரசல் கூடுகிறது. உரசல் கூட, தகடு இன்னும் இறுகுகிறது.

இதைத் தவிர்க்க, 5 சதவீதம் கோபால்ட் கலந்த, 135 டிகிரி முனைக்கோணமுள்ள பிட் வேண்டும். சென்டர் பஞ்ச்சால் லேசாகக் குறியிட்டு, முதலில் சிறிய துளை போட வேண்டும். 10 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 300 சுற்று போதும். கான்கிரீட்டுக்கான சுத்தியல் இயக்கம் கூடவே கூடாது. கட்டிங் ஆயில் விட்டு, அழுத்தம் தளராமல் கொடுத்தால் சீவல் நீளச் சுருளாக வரும். சீவல் நின்று கீச்சொலி எழுந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். இறுகிய இடத்தைப் புதுப் பிட்டால் மட்டுமே மீட்க முடியும். எதிர்ப்பக்கத்திலிருந்து துளைப்பது அதைவிடச் சுலபம்.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறியும் குறைந்த வேகத்தில் மெதுவாகவே சுழலும். ஆகவே ஒவ்வொரு துளைக்குப் பிறகும் சுமையின்றிச் சற்று ஓடவிட்டால் மோட்டார் ஆறும்.

துளை மறுபக்கம் திறக்கும் கணத்தில் பிட் தகட்டைக் கவ்வி, மெஷினையே முறுக்கும். பக்கக் கைப்பிடியை இறுகப் பிடித்து அழுத்தத்தைத் தளர்த்துவது மணிக்கட்டைக் காக்கும். கையுறை சுழலும் பிட்டில் சிக்கிக்கொள்ளும். அதைக் கழற்றிவிட்டு, கண்ணாடி அணிவது கட்டாயம்.

முடிந்ததும் பிசிறை நீக்கி, எண்ணெயைத் துடைக்க வேண்டும். பக்கத்தில் இரும்பு அறுத்த தூள் ஒட்டியிருந்தால், மூடுபனி ஈரத்தில் முதலில் துருவேறுவது அந்தத் தூள்தான். தகட்டிலும் பழுப்புக் கறை படியும். சுத்தமான பரப்பிலோ காற்றுப் பட்டதும் சில நானோமீட்டர் தடிப்பில் குரோமியம் ஆக்சைடு படலம் தானாகவே மீண்டும் உருவாகிவிடும்.