திறன்பேசியின் நிலைகுலைவுப் பதிவும் வன்பொருட் பழுதும்

கணக்கெடுப்பு, பயிர் மதிப்பீடு, தடுப்பூசி விவரம், மாணவர் வருகை ஆகியவற்றைக் குறித்து வைப்பதில், ஒரு காலத்தில் குறிப்பேடு வகித்த இடத்தை இன்று திறன்பேசி பெற்றுள்ளது. 2021-ஆம் ஆண்டில் மத்திய அரசு ‘போஷண் டிராக்கர்’ என்னும் செயலியைத் தொடங்கியது முதல், அங்கன்வாடிப் பணியாளர்கள் குழந்தைகளின் எடை, உயரம் முதலிய விவரங்களைத் திறன்பேசியிலேயே பதிந்து வருகின்றனர். இத்தகைய கருவி வேலையின் நடுவே தானாக அணைந்து மீண்டும் தொடங்குமாயின், பணியாளர் பெரிதும் இடர்ப்படுவார்.

அப்போது பலரும் கூறும் பரிகாரம், கருவியிலுள்ள அனைத்தையும் அழித்து, அதனைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவதாகும். கோளாறு மென்பொருளில் இருந்தால் இது பயன் தரலாம். வன்பொருளில் இருந்தாலோ, பழுது அப்படியே நிற்கும்; இன்னும் அனுப்பப்படாத விவரங்கள் மட்டும் அழிந்துபோகும். ஆதலின், அழிப்பதற்கு முன் பழுது எங்குள்ளது என்று ஆராய்தல் இன்றியமையாதது. இதற்குத் துணை செய்வது நிலைகுலைவுப் பதிவு ஆகும்.

பதிவு எவ்வாறு உண்டாகிறது?

திறன்பேசியின் எல்லாச் செயல்களையும் மேற்பார்வையிடும் அடிப்படை மென்பொருளுக்குக் கெர்னல் என்று பெயர். தன்னால் சமாளிக்க இயலாத நிலை நேரும்போது, கெர்னல் தவறான கணக்குடன் தொடர்வதைவிட நின்றுவிடுவதே நலம் எனக் கொண்டு, கருவியை நிறுத்தி மீண்டும் தொடங்கச் செய்கிறது. நிற்பதற்கு முன், தான் கண்டதைச் சில வரிகளில் எழுதி வைக்கிறது. தனியொரு செயலி மட்டும் நிலைகுலைந்தாலும் அவ்வாறே ஒரு குறிப்பு உண்டாகும். ஆண்டிராய்டு முறையில் இவ்வகைக் குறிப்பு ஒன்றிற்குக் கல்லறைக் கல் எனப் பொருள்படும் ‘டூம்ஸ்டோன்’ என்ற பெயர் வழங்குகிறது. எந்தச் செயலி, எந்த நேரத்தில், நினைவகத்தின் எந்த முகவரியைத் தொட்டபோது வீழ்ந்தது என்பன அதில் காணப்படும்.

ஐபோனில் இப்பதிவுகளை அமைப்புகளிலுள்ள தனியுரிமைப் பகுதியில், ‘அனலிட்டிக்ஸ் டேட்டா’ என்ற பட்டியலில் காணலாம். கெர்னல் நின்றதைக் குறிக்கும் பதிவின் பெயர் ‘பேனிக் ஃபுல்’ எனத் தொடங்கும். ஆண்டிராய்டு கருவிகள் பலவற்றில், தொலைபேசி விவரப் பகுதியிலுள்ள ‘பில்ட் நம்பர்’ என்பதை 7 முறை தொட்டால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். அதிலுள்ள ‘பக் ரிப்போர்ட்’ என்பதன் மூலம் பதிவுகளைத் திரட்டலாம்.

எல்லாப் பதிவும் பழுதின் அறிகுறி அன்று. ஐபோன் பட்டியலில் ‘ஜெட்சம்’ எனத் தொடங்கும் பதிவுகள் பல காணப்படும். நினைவகத்தில் இடம் போதாமையால் கெர்னல் சில செயலிகளை மூடியதையே அவை தெரிவிக்கின்றன. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

மூன்று நிமிடத்திற்கு ஒரு முறை

ஐபோன் சில, தொடங்கிய ஏறத்தாழ மூன்று நிமிடங்களில் அணைந்து மீண்டும் தொடங்குகின்றன. இது ஓயாமல் நிகழ்கிறது. இக்காலக் கணக்கே ஒரு துப்பாகும். திறன்பேசியின் வெப்பத்தைக் கண்காணிக்க ‘தெர்மல்மானிட்டர்டி’ என்னும் மென்பொருள் இடையறாது இயங்குகிறது. கருவியின் பல இடங்களிலுள்ள சிறு உணர்கருவிகள் அதற்கு அளவுகளைத் தெரிவிக்கின்றன. இம்மென்பொருளும் பிறவும் தாம் நலமே என்று குறித்த காலத்திற்கு ஒரு முறை ‘வாட்ச்டாக்’ எனப்படும் காவல் மென்பொருளுக்கு அறிவித்தல் வேண்டும். 180 விநாடிகள் வரை அறிவிப்பு வாராவிடின், காவல் மென்பொருள் கருவியை நிறுத்திவிடும். 180 விநாடி என்பது மூன்று நிமிடம் அன்றோ?

இந்நிலையில் ‘பேனிக் ஃபுல்’ பதிவைத் திறந்தால், ‘மிஸ்ஸிங் சென்சார்’ என்ற சொற்களையும், அவற்றை அடுத்து விடையளிக்காத உணர்கருவியின் குறிப்பெயரையும் காணலாம். ஐபோன் வகைகள் பலவற்றில் ‘மைக் 1’, ‘பி-ஆர்-எஸ் 0’ என்னும் குறிப்பெயர்கள் மின்னேற்றுத் துளையுடன் கூடிய மெல்லிய நாடா இணைப்பைச் சுட்டுகின்றன; ‘டி-ஜி-0-பி’ என்பது மின்கலத்தைச் சுட்டுகிறது. தூசியும் ஈரமும் புகும் வழி மின்னேற்றுத் துளையே ஆதலின், அந்நாடா பழுதுறுவது வியப்பன்று. இங்கே அனைத்தையும் அழிப்பதால் ஒரு பயனும் இல்லை. வேண்டுவது ஒரு நாடாவை மாற்றுவதே.

ஒரு பாத்தியா, வயல் முழுவதுமா?

பதிவுகள் எல்லாம் இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. அப்போது பல பதிவுகளை ஒப்புநோக்குதல் வேண்டும். வயலில் ஒரு பாத்தி மட்டும் வாடினால் அப்பாத்தியின் மண்ணையும் வேரையும் ஆராய்கிறோம். தொடர்பற்ற பாத்திகள் யாவும் வாடினால், அவற்றிற்குப் பொதுவான வாய்க்காலை நோக்குகிறோம். இங்கும் முறை அதுவே.

ஒரே செயலி, ஒரே செயலைச் செய்யும்போது, ஒரே இடத்தில் வீழ்ந்தால் அச்செயலியே பெரும்பாலும் காரணம் எனலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத செயலிகள் வெவ்வேறு இடங்களில், ஒழுங்கின்றி வீழ்ந்தால் அவற்றிற்குப் பொதுவான நினைவகம், சேமிப்பகம், மின்வழங்கல் ஆகியவற்றை ஐயுற வேண்டும். ஆண்டிராய்டில் ‘சேஃப் மோட்’ என்னும் நிலையில், நாம் நிறுவிய செயலிகள் இயங்கா. அந்நிலையிலும் கோளாறு தொடர்ந்தால் அச்செயலிகள் மீதுள்ள ஐயம் நீங்கும். ஆயினும், அடிப்படை மென்பொருள் மீதுள்ள ஐயம் நீங்காது என்பதை நினைவிற்கொள்க.

சேமிப்பகம் நலிந்தால் பதிவில் ‘ஐ-ஓ எரர்’ என்னும் வரி திரும்பத் திரும்ப வரும். எழுதவோ படிக்கவோ முயன்றும் இயலவில்லை என்பது அதன் பொருள். அவ்வரி மிகுந்து காணப்படுமாயின் முதற் கடமை பழுது பார்ப்பதன்று. விவரங்களை உடனே வேறிடத்திற்குப் படியெடுப்பதாகும்.

பதிவே இல்லாதபோது

கருவி அணைந்தது உண்மை. ஆனால் அந்நேரத்திற்குரிய பதிவு ஒன்றும் இல்லை. இதுவும் ஒரு சான்றே. எழுதுவதற்குக் கெர்னலுக்குச் சிறிது நேரமும் மின்சாரமும் வேண்டும். மின்சாரம் திடீரென அற்றுப்போனால் எழுதுவார் இல்லை. ஆகவே, பதிவின்மை பெரும்பாலும் மின்கலத்தையோ அதன் இணைப்பையோ சுட்டும். அழுந்தி நிற்கும் மின்பொத்தானும் இவ்வாறு செய்யக்கூடும்.

லிதியம் அயனி மின்கலம் முதிர முதிர, அதன் உள்மின்தடை உயர்கிறது. புகைப்படக் கருவி, ஒளிவிளக்கு முதலியன ஒருங்கே இயங்கி மின்னோட்டம் உச்சம் பெறும்போது, மின்னழுத்தம் வேண்டிய அளவிற்குக் கீழ் வீழ்கிறது, கருவி அணைந்துவிடுகிறது. திரையில் 30 சதவீதம் எஞ்சியிருப்பதாகக் காட்டினும் இது நேரலாம். குளிரில் உள்மின்தடை மேலும் உயர்வதால், மலைப்பகுதிகளில் இத்தொல்லை மிகும். 2017 ஜனவரியில் வெளிவந்த ஐபோன் மென்பொருள் ஒன்று, முதிர்ந்த மின்கலமுள்ள கருவிகள் இவ்வாறு அணைவதைத் தவிர்க்க அவற்றின் உச்ச வேகத்தைக் குறைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் இதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

இதைச் சோதிப்பது எளிது. மின்னேற்றியுடன் இணைத்திருக்கையில் கருவி நிலைத்து இயங்கி, இணைப்பை நீக்கியதும் பளுவான வேலையில் அணையுமாயின், மின்கலத்தின் மீதுள்ள ஐயம் வலுப்படும். ஆனால், மின்கலம் வீங்கியிருந்தால் எந்தச் சோதனையும் வேண்டா. மின்னேற்றவும் கூடாது, அழுத்தவும் குத்தவும் கூடாது.

தீர்ப்புக்கு முன்

பதிவு ஒரு சாட்சியேயன்றித் தீர்ப்பு அன்று. விடையளிக்காத உணர்கருவியைப் பதிவு பெயர் சொல்லிக் காட்டினும், பழுது அவ்வுணர்கருவியிலோ, நாடாவிலோ, அது பொருந்தும் இணைப்பிலோ, தாய்ப்பலகையிலோ இருக்கலாம். எனவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பதிவு மாறுகிறதா என்று காண வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் குணம் கிடைத்தாலும் காரணம் தெரியாது.

பணியாளர்கள் கருவி அணையும் ஒவ்வொரு முறையும் நேரம், எஞ்சிய மின்னளவு, அப்போது செய்த வேலை, கருவி சூடாக இருந்ததா, பதிவு உண்டா இல்லையா என்னும் ஐந்தையும் ஒரு தாளில் குறித்து வருதல் நலம். பழுதுபார்ப்பவரிடம் இத்தாளையும் சேர்த்துக் கொடுத்தால், அவர் ஊகத்தால் உறுப்புகளை மாற்ற நேராது. பதிவுகளில் கருவியின் அடையாள எண்ணும் பிற சொந்த விவரங்களும் இருக்கக்கூடும் ஆதலின், அறியாதவர் கையில் அவற்றை ஒப்படைத்தல் கூடாது.

ஆசிரியர்களுக்கும் இஃது ஒரு நல்ல பாடமாகும். இத்தகைய தாள் ஒன்றை மாணவரிடம் கொடுத்து, எந்த வரி எந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது, எது நீக்குகிறது என்று கேட்கலாம். எழுதப்பட்டதை மட்டுமன்றி, எழுதப்படாது விடுபட்டதையும் சான்றாகக் கொள்ளப் பழகிய மாணவன், விஞ்ஞான நோக்கின் முதற்படியில் கால் வைத்தவன் ஆவான்.