எடையும் எண்ணிக்கையும்

மாணவர்களே, 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைக் காளவாயிலிட்டு முற்றச் சுட்டால், கிடைக்கும் சுண்ணாம்பு 56 கிலோவே ஆகும். எஞ்சிய 44 கிலோவைக் காளவாய்க்காரர் கவர்ந்தனரோ எனக் கல்லைக் கொடுத்தவர் ஐயுறுதல் இயல்பே. அவ்வையத்தைத் தீர்க்க வல்லது வேதியியற் கணக்கு ஒன்று உண்டு.

பொருள்கள் யாவும் அணுக்களால் ஆயவை. அவை கூடுதலும் பிரிதலும் எண்ணிக்கை முறையிலேயே நிகழும். நம் கையில் உள்ளதோ தராசு. ஆதலின், ஒரே வகை நாணயங்களை நிறுத்தே எண்ணிக்கை காண்பதுபோல, அணுக்களையும் எடையால் எண்ணும் வழியைக் கண்டனர் அறிஞர். அவ்வழிக்கு உரிய அளவே மோல் என்பது. டஜன் 12 ஐக் குறிப்பதுபோல் மோலும் ஓர் எண்ணிக்கையைக் குறிக்கும். 602214076 என எழுதி, வலப்புறத்தே 15 சுழிகள் இடுக, அதுவே அவ்வெண். அதனை அவகாட்ரோ எண் என்பர். 1811 இல், ஒத்த வெப்பமும் அழுத்தமும் உடைய வாயுக்கள் சம பருமனில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகளைக் கொண்டிருக்கும் என்று உரைத்தவர் இத்தாலிய அறிஞர் அவகாட்ரோ. எனினும், தம் பெயர் தாங்கிய இவ்வெண்ணை அவர் அறிந்தாரல்லர். 2019 இல்தான் அது மேற்கூறியவாறு வரையறுக்கப்பட்டது.

அணுநிறை எவ்வளவோ, அவ்வளவு கிராமில் ஒரு மோல் அணுக்கள் இருக்கும். கால்சியத்தின் அணுநிறை 40, கார்பனுக்கு 12, ஆக்சிஜனுக்கு 16. சுண்ணாம்புக்கல்லில் கால்சியம் ஒன்று, கார்பன் ஒன்று, ஆக்சிஜன் மூன்று என்னும் முறையில் அணுக்கள் அமைந்துள்ளன. ஆகவே அதன் ஒரு மோல் 100 கிராம். சுடுங்கால் கால்சியமும் ஓர் ஆக்சிஜனும் சுட்ட சுண்ணாம்பாக நிற்கும். அஃது 56 கிராம். கார்பனும் ஏனைய இரண்டு ஆக்சிஜனும் கரியமில வாயுவாய்ப் பிரியும். அது 44 கிராம். கிலோவில் நிறுத்தாலும் விகிதம் மாறாது. காணாமற்போன 44 கிலோ வானிற் கலந்ததன்றி எவர் வீட்டிற்கும் சென்றதில்லை! எரிந்த கரியினின்று எழும் வாயு இக்கணக்கில் அடங்காது, அது வேறு.

இக்கணக்குக் கல்லின் தரத்தையும் காட்டிக்கொடுக்கும். ஈரமற்ற கல் 100 கிலோ முற்ற வெந்தும் 33 கிலோவே குறைந்ததாயின், அதில் சுண்ணாம்புக்கல் 75 கிலோவே; ஏனையது மணல் போன்ற கலப்பு. விற்றவரை வினவ வேண்டிய இடம் அதுவே.

இனி, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பை நீற்றுவதற்கு 18 கிலோ நீர் போதும் என்று கணக்குக் கூறும். ஆனால் நீற்றும்போது எழும் பெருவெப்பத்தால் நீரின் ஒரு பகுதி ஆவியாய்ப் போய்விடுமாதலின், தொழிலாளர் அதனினும் மிகுதியாகவே வார்ப்பர்.