மருந்து என்று சொல்லாதீர்கள்

வானொலியில் நாள்தோறும் நான்கு மணி நேரம் பேசுகிறவள் நான். வாய் ஓயாமல் பேசுவதுதான் தொழில். ஆனால், 2022 தீபாவளிக்கு மறுநாள், மருத்துவமனை அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் கேட்ட சாதாரணக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"பையன் என்ன குடிச்சான்?"

"பூச்சி மருந்து டாக்டர்."

"அது சரிம்மா. எந்தப் பூச்சி மருந்து? பேரு என்ன?"

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஈப்போ பக்கம் பெரியம்மா வீடு. பின்கட்டில் பத்துப் பன்னிரண்டு மிளகாய்ச் செடிகள், கத்தரி, ஒரு மல்லிகைக் கொடி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியப்பாவுக்கு அதுதான் உலகம். கேமரன் மலையில் காய்கறி போடும் நண்பர் ஒருவர், "கொஞ்சம் கலந்து அடிங்க, பூச்சி தலைகாட்டாது" என்று மினரல் தண்ணீர் போத்தலில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். பெரியப்பா தண்ணீரில் கலந்து அடித்தார். மிஞ்சியதைக் கொட்ட மனமில்லாமல் இன்னொரு போத்தலில் ஊற்றிக் குழாயடியில் வைத்தார்.

இந்த வகைப் பூச்சிக்கொல்லி தண்ணீரில் கலந்ததும் பால்போல் வெளுத்துவிடும். நான்கு வயதான என் அக்கா மகனின் கண்ணுக்கு அது பார்லித் தண்ணீர்.

பெரியம்மா போட்ட சத்தத்தில் பையன் மிரண்டு, போத்தலைத் தன் மேலேயே கவிழ்த்துக்கொண்டான். விழுங்கினானா, துப்பினானா, தெரியவில்லை. நான் ஓடிப்போய் அவன் வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கப் பார்த்தேன். சித்தி பால் எடுக்க அடுப்படிக்கு ஓடினார்.

"விடுடி! மொதல்ல சட்டையக் கழட்டு!" என்று பெரியம்மா என் கையைத் தட்டிவிட்டார். குழாயடியில் நிறுத்தி, சவர்க்காரம் போட்டுத் தலை முதல் கால் வரை தேய்த்து ஊற்றினார். பிறகுதான் காரில் ஏற்றினோம். தோட்டத்தில் பல வருடம் பம்பு சுமந்து மருந்தடித்தவர் பெரியம்மா. அன்று பட்டதாரி நான் செய்யப் போனது தப்பு, அவர் செய்தது சரி என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பையன் பிழைத்தான். இரவு முழுக்கத் தாதியர் அவன் கண்மணியில் விளக்கடித்துப் பார்த்தார்கள். விடிந்ததும் மைலோ கேட்டான். அதற்கு முன்பே, நள்ளிரவில், பெரியப்பாவின் நண்பர் மூலப் போத்தலின் லேபலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பெயர்: குளோர்பைரிபோஸ். அந்தப் பெயரின் பின்னால் போய்த் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்

குளோர்பைரிபோஸ், மாலத்தியன், மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் எல்லாமே ஆர்கனோபாஸ்பேட் என்ற ஒரே ரசாயனக் குடும்பம். 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சிகளைக் கொல்ல வழி தேடிக்கொண்டிருந்தபோதுதான் 'தாபூன்' என்ற நரம்பு நஞ்சு பிறந்தது. அது பயிருக்குப் போகவில்லை, ராணுவத்திடம் போனது.

2017 பிப்ரவரியில் கேஎல்ஐஏ 2 விமான நிலையத்தில் வடகொரிய அதிபரின் அண்ணன் கிம் ஜோங் நாம் முகத்தில் பூசப்பட்ட விஎக்ஸ் நஞ்சும் இதே குடும்பம்தான். அதன் வீரியத்துக்குப் பக்கத்தில்கூட தோட்டத்துப் பூச்சிக்கொல்லி வராது. ஆனாலும் இரண்டும் உடலைத் தாக்கும் விதம் ஒன்றே.

சாதுவான பிள்ளைகளும் உண்டு. ஏடிஸ் கொசுப் புழுக்களை ஒழிக்க நாம் தண்ணீர்த் தொட்டியில் போடும் 'ஏபேட்' மணலில் இருக்கும் டெமிபோஸும் ஆர்கனோபாஸ்பேட்தான். சொன்ன அளவில் போட்டால் பயப்பட வேண்டியதில்லை. ஆகவே, எந்தப் பிள்ளை, எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதைச் சொல்வது லேபல் மட்டுமே.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நரம்பு, தசைக்கோ சுரப்பிக்கோ 'வேலை செய்' என்று சொல்ல அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை அனுப்புகிறது. சொல்லி முடித்ததும் அதைத் துடைத்தெடுக்க ஒரு நொதி இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் அந்த நொதியை முடக்கிவிடும். என் தொழில் பாஷையில் சொன்னால், மைக்கை அணைக்கும் பொத்தான் வேலை செய்யாமல் போவது போல. உடல் முழுக்க நரம்புகள் ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் எச்சில் வழியும், கண்ணீர் கொட்டும், வியர்க்கும், வாந்தியும் பேதியும் வரும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். தசை துடிக்கும், பிறகு சோர்ந்துபோகும். நெஞ்சில் நீர் கட்டி, மூச்சுத் தசைகளும் ஓய்ந்தால் உயிர் போகும்.

குளோர்பைரிபோஸின் இன்னொரு குணம், உடனே காட்டிக்கொடுக்காது. உடலுக்குள் போய், ஈரலில் மாற்றம் அடைந்த பிறகுதான் முழு வீரியம் பெறும். கொழுப்பிலும் தங்கும். எனவே, 'பிள்ளை நல்லாத்தானே இருக்கான்' என்று வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. தேறியதுபோல் தெரிந்த நோயாளிக்கு ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோவதை 1987இல் இலங்கை மருத்துவர்கள் உலகுக்கு எடுத்துக் காட்டினார்கள். மாற்று மருந்துகளான அட்ரோபினும் பிராலிடாக்சிமும் மருத்துவமனையில் கொடுக்க வேண்டியவை. வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது.

பெரியம்மாவின் பம்பு

"தலைவலி வரும், கண்ணு மங்கலா தெரியும், ராத்திரி சோறு எறங்காது. வெயில்ல நின்னதுனாலன்னு நெனச்சுக்குவோம்" என்றார் பெரியம்மா, நான் துருவிக் கேட்டபோது. களைக்கொல்லியும் அடித்திருக்கிறார், பூச்சிக்கொல்லியும் அடித்திருக்கிறார். பம்பு ஒழுகி முதுகு நனையும். அந்த ஈரத்தோடே பசியாறுவார்களாம். அடைத்துக்கொண்ட முனையை வாயால் ஊதிச் சரிசெய்வதும் உண்டாம். எதைக் கலந்தோம் என்று அவருக்குத் தெரியாது. தண்டல் கலந்து கொடுப்பார், இவர்கள் அடிப்பார்கள்.

ஆர்கனோபாஸ்பேட் தோல் வழியாகவே உள்ளே போகும். முடங்கிய நொதி பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் மறுபடியும் மறுபடியும் பட்டால், சின்னச் சின்னப் பாதிப்பும் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். நம் தோட்டப் பெண்கள் பட்ட இந்தப் பாட்டை, 2002இல் தெனகானித்தா அமைப்பு ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்.

இந்த நொதியின் அளவை ரத்தப் பரிசோதனையில் பார்க்க முடியும். உங்கள் குடும்பத்தில் யாராவது இன்னும் மருந்தடிக்கும் வேலையில் இருந்தால், இந்தப் பரிசோதனையைப் பற்றி முதலாளியிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

லேபல் இல்லாத போத்தல்

2013 ஜூலை 16ஆம் தேதி. இந்தியாவின் பீகார் மாநிலத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி. மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. பூச்சிக்கொல்லி இருந்த கலனில் எண்ணெயை வைத்திருக்கிறார்கள் என்றார்கள் அதிகாரிகள். விஷத்தைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றுவது ஒரு தப்பு. விஷம் இருந்த கலனில் உணவுப் பொருளை ஊற்றுவது இன்னொரு தப்பு. இரண்டிலும் லேபல்தான் காணாமல் போகிறது.

நம் நாட்டில் லேபலின் அடியில் நிறப் பட்டை ஒன்று இருக்கும். கறுப்பு என்றால் மிகக் கொடியது. அடுத்தடுத்து சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. பெரியப்பாவின் நண்பர் அனுப்பிய படத்தில் இருந்தது மஞ்சள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளட்டும் என்று வைத்த அந்தப் பட்டை, மினரல் தண்ணீர் போத்தலுக்கு மாறியதும் மறைந்துபோனது.

இதற்கு நம் பேச்சும் ஒரு காரணம். மலாயில் 'ராச்சுன்', அதாவது நஞ்சு என்றே சொல்கிறார்கள். நாமோ 'பூச்சி மருந்து', 'மருந்தடிக்கிறது' என்கிறோம். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, மிளகாய்ச் செடிக்கு அடிப்பதும் மருந்து என்றால், நான்கு வயதுப் பிள்ளை எதை நம்பும்?

எங்கள் வீட்டுச் சம்பவத்துக்கு மறு வருடம், 2023இல், குளோர்பைரிபோஸை விவசாயத்தில் பயன்படுத்த மலேசியா தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020இலேயே நிறுத்திவிட்டது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்குக் கெடுதல் என்ற அச்சம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2025இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகளும் சில விலக்குகளோடு இதை ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தன. தடை வந்தால் கடையிலிருந்து போய்விடும். கொட்டகை மூலையில் கிடக்கும் பழைய போத்தல் தானாகப் போகாது.

இவற்றை மறக்காதீர்கள்

• எந்தப் பூச்சிக்கொல்லியையும் வேறு போத்தலுக்கு மாற்றாதீர்கள். யாராவது ஊற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பூட்டிய இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

• தேவையான அளவு மட்டும் கலக்குங்கள். மிச்சம் வைக்காதீர்கள். பழைய சரக்கைச் சாக்கடையில் கொட்டாமல், விவசாய இலாகா அலுவலகத்தில் வழி கேளுங்கள்.

• அடிக்கும்போது நைட்ரைல் கையுறை, நீளக் கை சட்டை, காலணி, லேபலில் சொன்ன முகமூடி அவசியம். சாதாரணத் துணி முகமூடி போதாது. காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள். முடிந்ததும் குளித்து, அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

• காய்கறிச் செடிக்கு அடித்தால் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் லேபலில் இருக்கும். கடைக் கீரையை ஓடும் தண்ணீரில் அலசுங்கள், வெளி இலைகளை நீக்குங்கள். சவர்க்காரம் போட வேண்டாம்.

• உடம்பில் பட்டால்: நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு, அவர் துணியைக் கழற்றி, சவர்க்காரத்தோடு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

• விழுங்கினால்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இதில் கலந்துள்ள எண்ணெய் போன்ற கரைப்பான் நுரையீரலுக்குள் போனால் அது தனி ஆபத்து. பால், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். 999ஐ அழையுங்கள். போத்தலையோ லேபலின் படத்தையோ கையோடு கொண்டுபோங்கள்.

• பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய விஷ மையத்தின் எண்ணை இன்றே கைப்பேசியில் சேர்த்து வையுங்கள்.

போன தீபாவளிக்கும் பெரியம்மா வீட்டில்தான் கூடினோம். கொட்டகைச் சுவரில், என் தலைக்கு மேலே, பெரியப்பா ஒரு மரப் பெட்டி அடித்துப் பூட்டுப் போட்டிருக்கிறார். நத்தைக்குப் போடுவது, எலிக்கு வைப்பது எல்லாம் அதற்குள்தான், அதனதன் டப்பாவிலேயே. மிளகாய்க்கு இப்போது வேப்பெண்ணெய் மட்டும். பெட்டியின் மேல் பெரியப்பாவே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்.

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் அக்கா மகன் கீழே நின்று அதை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"வி... ஷ... ம். விஷம். தாத்தா, மருந்துன்னு சொன்னீங்க?"

"தப்பா சொல்லிட்டேன்யா" என்றார் பெரியப்பா.