ஒளிரும் மூலக்கூறு சொல்வதை எப்போது நம்பலாம்?

செல்லுக்குள்ள எவ்வளவு கால்சியம் இருக்குன்னு அளக்கணும். கேட்க எளிமையா இருக்கு. ஆனால் ஓய்வில் இருக்கும் செல்லில் தனியாகத் திரியும் கால்சியம் அயனிகள் சுமார் 100 நானோமோலார்தான். வெளியே இரத்தத்தில் அதைவிடப் பத்தாயிரம் மடங்கு. உள்ளேயே மக்னீசியம் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். இந்தக் கூட்டத்தில் கால்சியத்தை மட்டும் பிடித்து, பிடித்ததும் ஒளிர்ந்து காட்டுகிற மூலக்கூறு வேண்டும்.

பிடிப்பதற்கு ஈ.ஜி.டி.ஏ. ஏற்கெனவே இருந்தது. நான்கு கார்பாக்சிலேட், இரண்டு நைட்ரஜன், நண்டு மாதிரி கவ்வும். சிக்கல் என்னன்னா, நைட்ரஜனிடம் இருக்கும் எலெக்ட்ரான் ஜோடிக்குக் கால்சியம் மட்டும் போட்டி போடவில்லை, புரோட்டானும் போடுகிறது. பி.எச். 7-ல் புரோட்டான் முதலிலேயே துண்டு போட்டு இடம் பிடிச்சுடும். பி.எச். ஒரு அலகு இறங்கினால் கால்சியத்தைப் பிடிக்கும் வலிமை ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடும். அப்போ நாம அளக்கிறது கால்சியமா, அமிலத்தன்மையா?

கேம்பிரிட்ஜில் இருந்த ரோஜர் சியன் 1980-ல் இதற்கு ஒரு வழி சொன்னார் (2008-ல் பச்சை ஒளிர் புரதத்துக்காக நோபல் வாங்கியவர்களில் ஒருவர்). நைட்ரஜனை ஒரு பென்சீன் வளையத்தோடு நேராக இணைத்தார். வளையம் அந்த எலெக்ட்ரான் ஜோடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால் புரோட்டான் அங்கே எளிதில் ஒட்டாது, பி.எச். 7-ல் இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். கால்சியம் வந்தால் அந்த ஜோடி வளையத்தை விட்டு அதன் பக்கம் திரும்பும். மூலக்கூறு ஒளியை உறிஞ்சும் விதமும் மாறிவிடும். இதுதான் பாப்டா. வளையத்தைப் பெரிதாக்கி நன்றாக ஒளிர வைத்தபோது குயின்-2 வந்தது, 1985-ல் ஃபூரா-2. ஃபூரா-2-ஐ 340, 380 நானோமீட்டர் ஒளிகளில் மாறி மாறித் தூண்டி, வரும் ஒளிர்வின் விகிதத்தைப் பார்ப்பார்கள். சாயம் ஒரு செல்லில் கூடவோ இன்னொன்றில் குறையவோ இருந்தாலும் கணக்கு பெரிதாகக் கெடாது.

அடுத்த தலைவலி, இதைச் செல்லுக்குள் அனுப்புவது. கார்பாக்சிலேட்டின் எதிர்மின்னூட்டம்தான் இதைத் தண்ணீரில் கரைய வைக்கிறது. அதே மின்னூட்டம் கொழுப்பாலான செல் சவ்வைக் கடக்க விடாது. 1981-ல் சியன் செய்தது எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். கார்பாக்சிலேட்டுகளை எஸ்டராக மாற்றி மின்னூட்டத்தை மறைத்துவிட்டார். மூலக்கூறு சவ்வில் நழுவி உள்ளே போகும். உள்ளே இருக்கும் எஸ்டரேஸ் நொதிகள் முகமூடியைக் கழற்றும். மின்னூட்டம் திரும்பிடும், இனி எளிதில் வெளியே வர முடியாது. எலிப்பொறிதான்! (கழற்றும்போது கொஞ்சம் ஃபார்மால்டிஹைடும் வெளிவரும். அதிகமாக ஊற்றினால் செல்லுக்கு நல்லதல்ல.) செல்லின் பி.எச். அளக்கும் பி.சி.இ.சி.எஃப். சாயமும் இதே வழியில்தான் உள்ளே போகிறது.

புரோட்டானை ஒதுக்கியாச்சு, மக்னீசியத்தையும் ஒதுக்கியாச்சு. துத்தநாகம்? ஃபூரா-2 கால்சியத்தைவிடத் துத்தநாகத்தை இறுக்கமாகப் பிடிக்கும். ஒளிர்வும் கால்சியம் வந்தது போலவே மாறும். அதனால் கவனமானவர்கள் டி.பி.இ.என். என்ற இன்னொரு மூலக்கூறைச் சேர்த்துப் பார்ப்பார்கள். அது துத்தநாகத்தை வாரிக்கொள்ளும், கால்சியத்தை ஏறக்குறைய தொடாது. சேர்த்ததும் விகிதம் சரிந்தால், அதுவரை கால்சியம்னு நினைத்ததில் ஒரு பகுதி துத்தநாகம்.